இஞ்சின் சுத்துது, ஸ்டார்ட் எடுக்கல

சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுத்துது, ஆனால் ஸ்டார்ட் எடுக்கல. அப்படி இருந்தால் எதை முதலில் பார்க்கணும் என்று, பங்களாவில் இப்போது புல் வெட்டுகிற பொம்பளைகள் மூணு பேர் என்னிடம் கேட்டார்கள். நேரில் வந்து சொல்லித்தரச் சொன்னார்கள். நேரில் எனக்குச் சொல்ல வராது. நாலு முகத்தைப் பார்த்தால் வந்த பேச்சும் மறந்துபோகும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியது மூணு. பெட்ரோல், நெருப்பு, காத்து. இதை மூணு வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் இந்த மூணையும் ஒழுங்காகப் பார்த்த பிறகும், நல்லா இருந்த மெசினை ஒரு தடவை செத்துப்போச்சு என்று முடிவு கட்டினோம். அதோடு என் வேலையும் போக இருந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் மூணு வரியை மட்டும் தந்தால் உங்களுக்கு அது உதவாது.

நான் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். பதினெட்டு வயசில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனேன். செவனம்மாவும் நானும் ஒரே நாளில் பேர் பதிந்தவர்கள். ஒரே நிரையில் நின்று, ஒரே போத்தல் தண்ணியைக் குடித்து, ஒன்றாக லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்புவோம். இருபத்திரண்டு வருஷம் அப்படிப் போனது. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை, எல்லாரும் எடுத்த கொழுந்தைத்தான் நானும் எடுத்தேன். ஒரு மழை நாளில் மேல் மலையில் கூடையோடு சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு ஒட்டியது. கொழுந்து கிள்ளுகிற விரல் வேகம் மட்டும் திரும்பி வரவே இல்லை. வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருஷம்தான் செத்துப்போயிருந்தார். மகள் கல்யாணம் முடித்து ஹல்துமுல்லைப் பக்கம் போய்விட்டாள். கணக்கப்பிள்ளை இரக்கப்பட்டு என்னை பங்களாவில் தோட்டக்காரியாகப் போட்டார்.

பங்களா உச்சியில் இருக்கிறது. பழைய காலத்துப் பெரிய தொரை பங்களா. பிறகு அதை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற இடமாக மாற்றினார்கள். முன்னால் ரெண்டு தட்டாகப் பெரிய புல்தரை. தங்க வருகிறவர்கள் அந்தப் புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நமுனுகுல மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கீழே மலையில் நூறு பேரோடு நின்றவளுக்கு அங்கே பேச ஆள் இல்லை. வாச்சர் வேலு அண்ணன் கேட்டுப் பக்கம் இருப்பார். சமையல்காரர் உள்ளே இருப்பார். நான் வெளியே சவுக்குச் சருகைக் கூட்டிக்கொண்டிருப்பேன். பகல் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்து, சாயந்தரம் லயத்தில் யாராவது என்னமும் கேட்டால் குரல் கரகரவென்று வரும்.

அந்த மெசின் உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன ட்ரக்டர். வயித்துக்கடியில் பிளேட் சுத்தும். அதற்கென்று இருந்த டிரைவர் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வேலு அண்ணன் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து நேரே ரோசாப் பாத்திக்குள் விட்டார். "எனக்கு இந்தக் கழுத ஒத்துவராது" என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். புல் வளர்ந்துகொண்டே இருந்தது. பங்களாவில் ஆள் இல்லாத ஒரு நாள் நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். டிரைவர் ஓட்டும்போது சருகு கூட்டிக்கொண்டே பார்த்து வைத்திருந்தேன், அதுதான் என் படிப்பு. காலால் பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பி, மெதுவாக விட்டால் ஓடியது. ஒரு மாசத்தில் ரெண்டு தட்டையும் நானே வெட்டினேன். தோட்டத்து மேனேஜர் தொரை ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுவே உத்தரவு ஆகிப்போனது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லணும். சேலையோடு அந்தச் சீட்டில் உட்கார ஏலாது, ரெண்டு பக்கமும் காலைப் போடணும். வீட்டுக்காரருடைய பழைய காற்சட்டையை உள்ளே போட்டு, சேலையை முழங்கால் வரை மடித்துச் செருகி, மேலே கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுத்துகிற படங்கைக் கட்டிக்கொண்டு ஏறுவேன். ஆம்பிளை ஆள் யாராவது வந்தால் இறங்கிவிடுவேன். தொரை வந்தால் கேட்கவே வேண்டாம். தொரைக்கு முன்னால் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறவள்கூட எழும்பி நின்றுதான் கொடுப்பாள். சட்டம் என்று ஒன்றும் இல்லை. அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கால் தானாக எழும்பும்.

நான் எழும்பினால் மெசினும் நின்றுபோகும். "அதுக்கும் மரியாதை தெரியுது பாரு" என்பார் வேலு அண்ணன்.

மெசின் பழுதானால் பதுளை டவுனிலிருந்து ஹமீது நாநா வருவார். லொறியும் கை ட்ரக்டரும் தண்ணி மோட்டரும் பழுது பார்க்கிறவர். என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும், ஆனால் 'புள்ள' என்றுதான் கூப்பிடுவார். சொல்லுங்க என்பது அவர் வாயில் செல்லுங்க என்று வரும். அவர் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடிக்கும். வந்ததும் மெசினைத் தொடமாட்டார். வாளி ஒன்றைக் கவிழ்த்து அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ கேட்பார். குடித்துக்கொண்டே கேள்வி கேட்பார். நேத்து ஓடிச்சா, நிக்கக்குள்ள திக்கித் திக்கி நின்டிச்சா, இல்ல ஒரேயடியா நின்டிச்சா, கடேசியா என்ன ஊத்தினீங்க. பதில் சொல்ல எனக்கு நேரம் எடுக்கும். அவர் அவசரப்படமாட்டார், டீயை ஊதிக்கொண்டிருப்பார். பிறகு பழைய பேப்பரை விரித்து, கழற்றுகிற சாமானை இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போவார். பூட்டும்போது வலப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு வருவார். "ஒண்டு முடிவாகாம ரெண்டத் தொடப்படாது" என்பது அவர் பேச்சு. பெட்ரோல் சரி என்று முடிவானால்தான் நெருப்பைப் பார்ப்பார். நெருப்பு சரி என்றால்தான் காத்து.

அப்படிச் சில வருஷம் ஓட்டின பிறகு, ஒரு கார்த்திகை மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது. புதன்கிழமை கொஞ்சம் வெளுத்தது. திங்கட்கிழமை பெரிய ஆட்கள் தங்க வருகிறார்கள், புல் முழங்காலுக்கு நிற்கிறது, ரெண்டு நாளில் வெட்டி முடி என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். கொட்டிலில் இருந்த டின்னிலிருந்து பெட்ரோல் ஊற்றி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கர்ர் கர்ர் என்று நல்லாத்தான் சுத்தியது. பிடிக்கவில்லை. சோக்கை இழுத்தேன், தள்ளினேன். அரை மணித்தியாலம் விட்டுப் பார்த்தேன். சுத்துது, எடுக்கல.

வியாழக்கிழமை நாநா வந்தார். வாளி, பிளேன்டீ, கேள்வி எல்லாம் முடிந்தது. பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றிப் பார்த்தார், ஒழுகியது. மோந்து பார்த்தார். "பெட்ரோல் வருது" என்றார். பிளக்கைக் கழற்றினார், நனைந்திருந்தது. துடைத்து, தீட்டி, வயரில் மாட்டி, இஞ்சின் இரும்போடு ஒட்டிப் பிடித்தார். இதுதான் நெருப்புப் பார்க்கிறது. இஞ்சினைச் சுத்தவிட்டால் பிளக்கின் நுனியில் நீலமாக ஒரு பொறி அடிக்கணும். அதற்கு ரெண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் பிளக்கைப் பிடிக்க, ஒருத்தர் சாவியைத் திருப்ப.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் வந்தது. தொரை இறங்கி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். வேலு அண்ணனும் பின்னால் வந்து நின்றார்.

"என்ன நாநா?"

"இப்பதான் நெருப்பப் பாக்கிறன் தொரை. சாவியத் திருப்புங்க புள்ள."

பிரேக்கைப் பூட்டிவிட்டு, மெசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சுத்தியது. நாநா பிளக்கைக் குனிந்து பார்த்தார்.

"இன்னொருக்கா."

திருப்பினேன்.

"இன்னொருக்கா, கொஞ்சம் நேரம்."

நாநா பையிலிருந்து புதுப் பிளக் எடுத்து மாட்டினார். திரும்பவும் மூணு தடவை. அவர் நிமிர்ந்து துணியில் கையைத் துடைத்தார்.

"நெருப்பு இல்ல தொரை. நெருப்புக் குடுக்கிற கொயில் முடிஞ்சி."

"புதுசு போடலாமா?"

"இங்க கெடைக்காது. வெளிநாட்டுல இருந்து வரோணும். வந்தாலும் மெசின்ட பாதி வெல செல்லுவானுவ."

வேலு அண்ணன் சும்மா இருக்கமாட்டாமல், "மண்ணெண்ண கிண்ணெண்ண ஊத்திட்டியா அங்கம்மா? அவசரத்துல டின்னு மாறியிருக்கும்" என்றார். அவர் சிரிப்புக்குத்தான் சொன்னார். தொரை சிரிக்கவில்லை.

"ஊத்தினியா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது.

"மண்ணெண்ணக்கி நெருப்பு நிக்காது தொரை, அது வேற பழுது" என்றார் நாநா. எனக்காகத்தான் சொன்னார். ஆனால் தொரை அதற்குள் முடிவு எடுத்துவிட்டார். "சனிக்கிழம ஒரு லொறியக் கொண்டு வந்து ஏத்திக்கிட்டுப் போங்க நாநா. பார்ட்ஸுக்காவது ஒதவும். இனி தோள்ல மாட்டி வெட்டுற மெசினோட ரெண்டு ஆம்பிள ஆளப் போட்டுருவோம்." பிறகு என்னைப் பார்த்து, "அங்கம்மா, நீ திங்கக்கெழம பெரட்டுக்குப் போயிரு. மலைக்கிப் போவ ஏலாதுன்னா பேர வெட்டிக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கு என்பதுபோலச் சொன்னார்.

பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு மலைக்கு ஆள் பிரிக்கிற இடம், அங்கே போனால் கொழுந்துதான். இந்தக் கையால் நாளுக்கு எடுக்க வேண்டிய கொழுந்தில் பாதிகூட எடுக்க ஏலாது. பேரை வெட்டினால் நான் குடியிருக்கிற காம்பராவும் கேள்விதான், லயத்தில் காம்பரா பேருக்குத்தான் கொடுப்பது. மகள் வீட்டுக்குப் போகலாம். மகளுக்கு ஒரு மாமியார் ஏற்கனவே இருக்கிறாள். அன்று ராத்திரி சோறு ஆக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை. வேலு அண்ணன் டவுனுக்குப் போயிருந்தார். மெசினை லொறியில் ஏற்றுவதற்கு முன்னால் பிளேட்டில் ஒட்டின புல்லையாவது சுரண்டித் துடைத்து அனுப்புவோம் என்று கொட்டிலுக்குள் போனேன். துடைத்துக்கொண்டிருக்கும்போது அந்த நெருப்பு நினைப்பு வந்தது. நாநா சொன்னார் என்று கேட்டேனே தவிர, நான் என் கண்ணால் பார்க்கவில்லை. பிளக்குக்குப் பக்கத்தில் அவர்தான் இருந்தார், நான் இந்தப் பக்கம் நின்றேன். செத்ததை ஒரு தடவை நானும் பார்த்துக்கொள்கிறேன் என்று தோன்றியது. அதற்கு மேல் அதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை.

ஆனால் ரெண்டு ஆள் வேண்டுமே. யாரைக் கூப்பிடுவது? பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, வேலிக் கம்பித் துண்டு ஒன்றால் இஞ்சின் இரும்போடு இறுக்கிக் கட்டினேன். பிளக் இருந்த ஓட்டையைத் துணியால் அடைத்தேன், பெட்ரோல் ஆவி அதில் வரும், பொறி பட்டால் பத்திக்கொள்ளும். இதை மறக்காதீர்கள். கொட்டில் இருட்டுத்தான், கதவைச் சாத்தினேன். முன்மூடி திறந்து நின்றது. பிறகு எப்போதும்போல ஏறிச் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பினேன். தனியாக இருந்தால் நான் அப்படித்தான் செய்வேன்.

மூடியின் உள்பக்கத்தில் நீலமாக மின்னியது. டிக், டிக், டிக் என்று சத்தமும் கேட்டது.

கையை எடுத்துவிட்டேன். திரும்பத் திருப்பினேன். திரும்ப மின்னியது. இறங்கிக் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று, பிரேக்கைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் நின்று எட்டித் திருப்பினேன். ஒன்றும் இல்லை. இஞ்சின் சுத்துது, நெருப்பு இல்லை. ஏறி உட்கார்ந்தேன், இருக்கிறது. இறங்கினேன், இல்லை. ஏதோ வயர் விட்டு விட்டுத் தொடுகிறதோ என்று நினைத்து வயரையெல்லாம் ஆட்டிப் பார்த்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பிறகு சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு சின்னக் கட்டை, அதிலிருந்து ரெண்டு வயர் இஞ்சினுக்குப் போகிறது. சீட்டு அமுங்கினால் அது அமுங்கும். அதை அத்தனை வருஷமும் நான் துடைத்திருக்கிறேன், என்ன என்று கேட்டதில்லை.

மூலையில் எரு மூட்டை ஒன்று இருந்தது. இழுத்து வந்து சீட்டில் ஏற்றினேன். பக்கத்தில் நின்று சாவியைத் திருப்பினேன். நெருப்பு அடித்தது. எரு மூட்டைக்குத் தொரை முன்னால் உட்கார வெட்கம் இல்லை.

நான் எழும்பினால் மெசின் நிற்கும் என்று எனக்குத் தெரியும். உட்காராவிட்டால் எடுக்காது என்பதும் அதே விஷயம்தான் என்று எனக்கு ஓடவில்லை. நாநாவுக்கு மெசின் தெரியும், ஆனால் அவர் பார்த்த லொறிக்கும் கை ட்ரக்டருக்கும் இப்படிச் சீட்டு இல்லை. நான் எப்போதும் உட்கார்ந்துதான் ஸ்டார்ட் பண்ணுவேன் என்பதும், ஆள் வந்தால்தான் இறங்குவேன் என்பதும் அவருக்குத் தெரியாது. அவர் என்னை மெசின் மேல் பார்த்ததே இல்லை.

அப்படியென்றால் புதன்கிழமை நான் தனியாக உட்கார்ந்து திருப்பினேனே, அப்போது ஏன் எடுக்கவில்லை? நாநா சொன்னதுபோல ஒன்று முடிவாகாமல் ரெண்டைத் தொடப்படாது. நெருப்பு முடிவாகிவிட்டது, இருக்கிறது. திரும்பப் பெட்ரோலுக்கு வந்தேன். காபரேட்டருக்கு அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும், ஒரே ஆணியில் பூட்டியிருக்கும். அதைக் கழற்றி, ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றினேன். வெளிச்சத்துக்குப் பிடித்தேன். அடியில் உருண்டையாகத் தண்ணி. பெட்ரோல் மேலே மிதந்தது. டின்னில் இருந்ததையும் போத்தலில் எடுத்துப் பார்த்தேன், அதிலும் அப்படியே. கொட்டில் தகரம் ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே டின்னை வைத்தவள் நான்தான். மூடியையும் இறுக்கவில்லை.

அந்தப் பெட்ரோலையெல்லாம் நாலு போத்தலில் ஊற்றித் தெளியவிட்டேன். மேலே தெளிந்ததை மட்டும் துணியில் வடித்து எடுத்தேன். டாங்கியைக் கவிழ்த்துக் கழுவினேன், குழாயை ஊதினேன், கிண்ணத்தைத் துடைத்துப் பூட்டினேன். பேப்பர் விரித்துத்தான் செய்தேன், இடப்பக்கத்திலிருந்து. பிளக்கைப் பூட்டி, ஏறி உட்கார்ந்து திருப்பினேன். ரெண்டாவது சுத்தில் எடுத்தது.

உடனே நிறுத்திவிட்டேன். சந்தோசத்தைவிடப் பயம்தான் அதிகம். இதை யாரிடமாவது சொல்லணுமே. தொரையிடம் என் வாயால் சொல்லணும். சொன்னால் மட்டும் நம்புவாரா, அவர் முன்னால் ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும். காட்ட வேண்டும் என்றால் அவர் நிற்க நான் உட்காரணும். எரு மூட்டையை வைத்துக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

சனிக்கிழமை லொறி வந்தது. நாநாவும் வந்தார். பலகையைச் சாய்த்துக் கயிறு கட்டுகிறார்கள். தொரை நிற்கிறார். புல்தரைக்கு எதிர் மலையில் அன்று செவனம்மாவுடைய செட்டுத்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது. கூடைகள் தெரிகிற தூரம். நான் காலையிலேயே படங்கைக் கட்டிக்கொண்டு நின்றேன். மெசினின் முன் சக்கரம் பலகையில் ஏறிவிட்டது.

"தொரை."

குரல் எனக்கே கேட்கவில்லை. நாநாதான் திரும்பினார். "என்ன புள்ள? செல்லுங்க."

"ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுங்களா?"

"செத்தத என்ன புள்ள ஸ்டார்ட் பண்ற?"

"பண்ணட்டும், விடுங்க" என்றார் தொரை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மெசினைக் கீழே தள்ளினார்கள். நான் சுத்திப் போய் நின்றேன். வழக்கம்போல பக்கத்தில் நின்று கையை நீட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். சேலையைச் செருகினேன். யாரையும் பார்க்காமல் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். காற்சட்டைக் கால் வெளியே தெரிந்தது. வேலு அண்ணன், "அடியே" என்றார், அவ்வளவுதான். சாவியைத் திருப்பினேன். எடுத்தது.

தொரை கிட்ட வந்தார். என்ன என்று வாயசைத்தார். அவர் கிட்ட வந்ததும் என் கால் பழக்கத்தில் எழும்பிவிட்டது. மெசின் நின்றுபோனது. நாநா என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். வந்து சீட்டைக் கையால் அமுக்கினார், விட்டார், அமுக்கினார்.

"அல்லாவே" என்று மெதுவாகச் சொன்னார். "கொயில் இல்ல தொரை. நான்தான். முப்பது வருசமா இந்த வேல செய்றன், ஒரு சீட்டு என்ன ஏமாத்திட்டு."

"உக்காரணுங்க" என்றேன். "உக்காந்தாத்தான் நெருப்பு வருங்க."

"அப்ப உக்காரு" என்றார் தொரை.

உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பண்ணினேன். ஓடுகிற இஞ்சினைக் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு, சரி இறங்கு, என்று கையைக் காட்டினார். "எறங்கினா நின்னுருங்க" என்றேன். சத்தத்தில் கேட்கவில்லை, இன்னும் கிட்ட வந்தார். நான் உட்கார்ந்துகொண்டே குனிந்து, அவர் நின்றுகொண்டே காதைக் கொடுத்து, அப்படியே எல்லாத்தையும் சொன்னேன். பெட்ரோலில் தண்ணி இறங்கியிருந்தது, ஒழுகிற இடத்தில் டின்னை வைத்தது நான், மூடியை இறுக்காதது நான். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு தொரையோடு அவ்வளவு நேரம் பேசியது அதுதான். இஞ்சின் சத்தம் இருந்ததால்தான் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

"டின்ன இனி பங்களாவுக்குள்ள வையி" என்றார். "திங்கக்கெழமக்கி முந்தி ரெண்டு தட்டும் வெட்டிரு." அவ்வளவுதான் தீர்ப்பு. நாநா வெறும் லொறியோடு போனார். போகும்போது கூலி வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு எந்த மெசினைப் பார்க்க வந்தாலும், பிளேன்டீ குடித்த பிறகு முதல் கேள்வி, "ஆர் எப்பிடி உக்காந்து ஸ்டார்ட் பண்றது?" என்பதுதான்.

அன்று சாயந்தரம் இருட்டுகிற வரை வெட்டிவிட்டு இறங்கினேன். ரோடு வளைகிற முடக்கில் செட்டு நின்றது. செவனம்மா அங்கேதான் எனக்காகக் காத்திருப்பாள், நான் பங்களாவுக்குப் போன பிறகும் அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை.

"வழிய விடுங்கடி, தொரசாணி வாறாங்க" என்றாள் ஒருத்தி. "காச்சட்ட போட்ட தொரசாணி" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். செவனம்மா சிரிக்கவில்லை.

"அவரு நிக்கிறாரு, நீ மேல உக்காந்துக்கிட்டுக் கைய ஆட்டி ஆட்டிக் கதைக்கிற. நாங்க மலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

"எறங்கினா மெசின் நின்னுரும்டி."

"நின்னா என்ன?" என்றாள்.

என் பேர் போகிற கதையை, காம்பராவை, தண்ணியை, சீட்டுக்கடியில் இருந்த கட்டையை எல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். தொரையிடம் சொன்னேனே. அவள் முகத்தைப் பார்த்ததும் படங்கை அவிழ்த்து மடிக்கத் தொடங்கினேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நாங்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் லயத்துக்குப் போனோம், நான் கடைசியாக.

சண்டை ஒன்றும் இல்லை. கோயில் திருவிழாவில் பக்கத்தில் நின்று பொங்கல் வைத்தோம். அவள் மகன் கல்யாணத்துக்கு நான் தேங்காய் துருவினேன். முடக்கில் காத்திருப்பது மட்டும் நின்றுபோனது. எனக்கு வேலை முடிய நேரமாகிறது, அதனால்தான் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அதனால் உங்கள் மூணு பேருக்கும் நான் சொல்வது இதுதான். சுத்துது, எடுக்கல என்றால் முதலில் சீட்டில் ஒழுங்காக உட்காருங்கள். யார் வந்து நின்றாலும் உட்காருங்கள். நெருப்புப் பார்க்கும்போதும் ஒருத்தி சீட்டில் இருக்கணும். கிண்ணத்தில் உள்ளதை வெள்ளைப் போத்தலில் பாருங்கள், மோந்து பார்த்தால் தண்ணி தெரியாது. அதற்குப் பிறகும் எடுக்காவிட்டால் காத்துப் போகிற பஞ்சைக் கழற்றித் தட்டுங்கள். குளவி கூடு கட்டியிருக்கும். அதோடு முடிந்துவிடும்.

பிறகு ஒன்பது வருஷம் அந்த மெசினை ஓட்டினேன். ஒரு நாளும் பழுது என்று நிறுத்தியதில்லை. புல்தரைக்குக் கீழே குறுக்குப் பாதை போகிறது. மாசத்தில் சில நாள் செட்டு அந்த வழியாகத்தான் மலைக்குப் போகும். நான் மேல் தட்டில் வெட்டிக்கொண்டிருப்பேன். வரிசையாகப் போகிறவர்களில் செவனம்மா நிமிர்ந்து பார்ப்பாள். வாய் அசைகிற மாதிரி இருக்கும். என்னைக் கூப்பிடுகிறாளா, முன்னால் போகிறவளிடம் பேசுகிறாளா என்று இஞ்சின் சத்தத்தில் தெரியாது. நான் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வளைவில் திருப்பிக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது பாதை வெறுமையாக இருக்கும். சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, இறங்கிப் போய் வேலியருகில் நின்று என்னடி என்று கேட்டிருக்கலாம். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. ஒரே சுத்தில் அது திரும்ப ஸ்டார்ட் எடுக்கும், அப்படித்தான் அதை வைத்திருந்தேன். ஆனால் ஒரு நாளும் நான் நிறுத்தவில்லை.